இருபத்திரண்டு கம்பி

கம்பி பிரஷ் வாங்கும்போது அதில் எத்தனை கம்பி இருக்கிறது என்று யாரும் எண்ணி வாங்குவதில்லை. நானும் எண்ணவில்லை. இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். கொல்லையில், வெயிலில், குத்தவைத்து உட்கார்ந்து, அறுபத்தொரு வயதில். பிரஷ் கட்டையில் நாலு வரிசை. வரிசைக்குப் பதினாறு துளை. துளைக்கு ஒரு கொத்து. மூன்றாவது வரிசையில் நுனியிலிருந்து இரண்டாவது துளை காலி. தேய்ந்துபோன காலி இல்லை, கொத்தோடு பிடுங்கிக்கொண்டு போன காலி. உள்ளே கட்டையின் வெள்ளை தெரிகிறது. வெள்ளை தெரிகிறதென்றால் அழுக்கு ஏற நேரமாகவில்லை, அழுக்கு ஏறவில்லையென்றால் நேற்றுத்தான் போயிருக்கிறது. பக்கத்துக் கொத்தை விரலால் பிரித்து எண்ணினேன். இருபத்திரண்டு. அதற்கடுத்ததும் இருபத்திரண்டு. மிஷினில் போடுகிற கொத்து, முன்னே பின்னே இருக்காது. ஆக இருபத்திரண்டு கம்பி இந்தக் கொல்லையில்தான் எங்கோ கிடக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைத் தகரத்தில் கொட்டி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மேலாக நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஒட்டுகிறது. இதுவரை பதினான்கு. காகிதத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன், காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்து. மீதி எட்டு. எட்டும் சாம்பலில் கிடந்தால் என் தம்பி வயிற்றில் ஒன்றுமில்லை. இவ்வளவுதான் கணக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும். சாம்பல் இன்னும் அரை வாளி இருக்கிறது.

தம்பி நேவிஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தஸ்நேவிஸ் என்பது முழுப்பெயர், எங்கள் தூத்துக்குடியில் பனிமய மாதா பெயரை வைத்துக்கொண்டு தெருவுக்கு நாலு பேர் திரிவார்கள். நேற்று ஈஸ்டர். நேற்று மத்தியானம் இந்த அடுப்பில் நான் சுட்டதைத் தின்றான், ராத்திரி இங்கேயே தங்கினான். இன்று விடிகாலை நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம், நானும் என் பெண்டாட்டி பிலோமியும் அவன் பெண்டாட்டி வினோலியாவும். டாக்டர் சின்ன வயசு, கண்ணாடி போட்ட பையன். நேத்து என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு என்ன கோபம் வந்ததோ தெரியவில்லை. "எங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒரு குறையும் கிடையாது தம்பி, கிரில்லு தட்டை முகம் தெரியுத மாதிரி தேய்ச்சு வச்சுதான் சுடுவேன், ஒங்க ஆஸ்பத்திரி கேண்டீனைவிட சுத்தம்" என்றேன். தேய்ச்சு என்று நானே என் வாயால் சொன்னேன். எதைக் கொண்டு தேய்த்தீர் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அப்போது எனக்கும் தெரியாது. பிலோமிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க நின்னு டாக்டரோட மல்லுக்கு நிக்காதிய. கதவு வேற திறந்து கெடக்கு" என்றாள். வந்தேன். வந்தவன் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் படுத்திருக்கலாம். கை சும்மா இருக்காது. மனசு சரியில்லாவிட்டால் எதையாவது கழுவ வேண்டும் எனக்கு. எட்டரை மணிக்கு அடுப்பைக் கழுவ உட்கார்ந்தேன்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு அது நாற்பது வருஷம் சோறு போட்டது. கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன், இன்னாசி அண்ணாச்சி கை பட்ட சாமானில் ஒரு துளி கிரீஸ் இருக்காது என்று பேர். இந்த அடுப்பும் நான் செய்ததுதான். எண்ணெய் டிரம்மை நெடுக்காக அறுத்து, பைப்பில் கால் வைத்து, மேலே எட்டு மில்லி கம்பியை வரிசையாக வெல்டு அடித்த தட்டு. உடைமர விறகு, கொஞ்சம் தேங்காய்ச் சிரட்டை. அதைப் பராமரிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். சாம்பலைக் காய்ந்தபடியே அள்ள வேண்டும், தண்ணீர் பட்டால் சாம்பல் இரும்பைத் தின்றுவிடும். தட்டைச் சூடாக்கி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அப்புறம் பாதி வெங்காயத்தைக் கல்லுப்பில் தொட்டுத் தேய்ப்பு. அப்புறம் ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துத் துடைப்பு. கடைசியில் எண்ணெய்த் துணி. இந்த ஐந்தில் ஒன்றை நான் விட்டதில்லை. நேற்று விட்டேன். தவக்காலம் நாற்பது நாளும் அடுப்பு மூட்டவில்லை. மீன் குழம்பு உள்ளே அடுப்படியில் கொதிக்கும், அது வேறு, கூடி உட்கார்ந்து சுட்டுத் தின்கிற கொண்டாட்டம் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கிடையாது. நாற்பது நாள் கடல்காற்று பட்டால் இரும்பு என்ன ஆகும். பிஸ்கட் மாதிரி துரு. சமையல் பிரஷ் போதவில்லை, பெட்டியைத் திறந்து பட்டறை பிரஷ்ஷை எடுத்தேன், வெல்டிங் பிசிறு தட்டுகிற பிரஷ், பத்து வருஷப் பழசு. ஏறி உட்கார்ந்து தேய்த்த மாதிரி தேய்த்தேன். வெங்காயத்தை வெட்டி வைத்திருந்தேன். துணியை நனைத்து வைத்திருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன நேவிஸ் பன்னிரண்டுக்கே வந்துவிட்டான். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன், நடக்கவில்லை, பிலோமி அதைச் சொல்லி நேற்றெல்லாம் சிரித்தாள். திரும்பி வந்தபோது தணல் பக்குவமாக இருந்தது, அதை விட்டால் மறுபடி விறகு வைக்க வேண்டும், அவன் வேறு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். மீனை எடுத்து நேராகத் தட்டில் வைத்தேன். நனைத்து வைத்த துணி வாளி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துணியால்தான் இன்று காலையில் துடைத்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தேன். தட்டுக் கம்பியின் அடிப்பக்கம், மீன் தோல் கருகி ஒட்டியிருந்த இடத்தில், ஒரு அங்குல நீளத்துக்கு மெல்லிசாக ஒன்று நின்றது. அப்போது மணி ஒன்பது.

பதினைந்து. பதினாறு. இரண்டும் சேர்ந்தாற்போல வந்தன. நல்லது. சாம்பலை இன்னும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், அவசரப்பட்டால் தவறிவிடும். பதினாறு பேரும் சாம்பலுக்குள் விழுந்திருக்கிறார்கள் என்றால் மற்ற ஆறு பேரும் அங்கேதான் விழுந்திருப்பார்கள், பிரஷ்ஷிலிருந்து கழன்ற கம்பி கீழேதானே விழும், மேலேயா ஏறும். ஆனால் ஒன்று துணியில் மாட்டியதே, அது கீழே விழவில்லையே. அதையும் சேர்த்துத்தான் பதினாறு. சரி. ஒன்று மாட்டியது என்பதற்காக இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டமா. நேவிஸுக்குச் சீலா மீன் என்றால் உயிர். சந்தையில் போய் நானே பார்த்து வாங்கினேன், நடுத்துண்டாக, வட்டம் வட்டமாக. முதல் துண்டை இலையில் வைக்கவில்லை, பிய்த்து என் கையால் அவன் வாயில் ஊட்டினேன். அவன் ஐம்பத்து நாலு வயசு ஆள், கப்பலில் உலகமெல்லாம் சுற்றியவன், சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாய் மென்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணே, தொண்டையில என்னமோ குத்துது, முள்ளு" என்றான். நான் சிரித்தேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு முள்ளா என்று கேலி செய்தேன், கப்பல் சாப்பாடு தின்று தின்று தொண்டை வெள்ளைக்காரத் தொண்டையாகிவிட்டது என்றேன். "வெறுஞ்சோத்தை உருட்டி மெல்லாம முழுங்கு, எறங்கிரும்" என்றேன். உருட்டியதும் நான்தான். பெரிய உருண்டையாக. முழுங்கினான், கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று உருட்டிக் கொடுத்தேன். "போயிருச்சு" என்றான். போயிருச்சு. எங்கே போயிருச்சு. சீலாவுக்கு ஏது முள்? நடுவில் ஒரு முள், விரல் தண்டி, அதை விட்டால் பஞ்சு மாதிரி சதை. பச்சைப்பிள்ளைக்கே முதல் மீன் சீலாதான் கொடுப்போம். அது எனக்குத் தெரியும். நேற்றும் தெரியும். மத்தியானம் பூராவும் தெரியும். தெரிந்துகொண்டே சோற்றை உருட்டி உருட்டி உள்ளே தள்ளினேன்.

பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில் எட்டு வருஷம் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்று சொல்ல வந்தேன், பொய், வீட்டில் ஆள் இருந்தது, தம்பிதான் இல்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று போனில் கூப்பிட்டான். கப்பலிலிருந்து இறங்கிவிட்டான், விமானம் ஏறிவிட்டான், மதுரையிலிருந்து வண்டி பிடித்துவிட்டான். "நாலு மணி நேரம் பொறுங்கண்ணே. நான் மொகத்தைப் பாத்துக்கிடுதேன்" என்றான். ஐஸ் பெட்டி இருந்தது. சாமியாரிடம் சொன்னால் சாயங்காலம் வந்திருப்பார். நான்தான் சொல்லவில்லை. மே மாச வெயில், உடம்பு தாங்காது, வந்தவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று ஊருக்குக் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் கோபம். ஒன்றரை வருஷம் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவன் நான், இவன் கடைசியில் வந்து முகத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனால் நல்ல பிள்ளையா. பெட்டியை மூடச் சொன்னேன். அவன் நேரே கல்லறைக்குத்தான் வந்தான், மண் ஈரமாக இருந்தது. சத்தம் போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசலோடு திரும்பிப் போனான், அன்றிலிருந்து என் வீட்டில் கை நனைக்கவில்லை. எட்டு வருஷம். கல்யாணம் காட்சியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான், நானும் வீம்புக்குத் திருப்பிக்கொள்வேன். இந்தத் தவக்காலத்தில்தான் பிலோமி போய் வினோலியாவின் கையைப் பிடித்துப் பேசியிருக்கிறாள். ஈஸ்டருக்கு வருகிறார்கள் என்று சொன்னபோது நான் கொல்லைக்குப் போய் இந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு வருஷம் கழித்து என் வீட்டில் கை நனைத்தான். நனைத்த கைக்கு நான் வைத்த பண்டம் இது. நான் சொன்னால் நம்புவார்களா. தெரியாமல் நடந்தது என்று நம்புவார்களா. நம்பினாலும் அதற்குப் பிறகு என் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களா. எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் செத்துவிடுவான் என்றும் பயமாக இருக்கிறது, பிழைத்து எழுந்து மறுபடி தலையைத் திருப்பிக்கொள்வான் என்றும் பயமாக இருக்கிறது. இரண்டில் எது பெரிய பயம் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள மாட்டேன். பதினேழு.

போன் அடிக்கிறது. பிலோமி. கையெல்லாம் சாம்பல், அப்படியே எடுத்தேன். வலி குறையவில்லையாம், ஊசி போட்டும் முனகிக்கொண்டே இருக்கிறானாம். வயிற்றில் ஜெல் தடவி ஒரு ஸ்கேன் எடுத்தார்களாம், பித்தப்பையில் கல் மாதிரி தெரிகிறதாம். கல். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கல்லுக்குத்தான் வலி, கல் பழைய சமாச்சாரம், வருஷக்கணக்காக உள்ளேயே இருந்திருக்கும், எந்தக் கப்பலில் எந்தத் தண்ணீரைக் குடித்தானோ. அவள் பேசிக்கொண்டே போனாள். "கல்லு குழாயில இறங்கியிருக்கான்னு பாக்க இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம். பதினொன்றரைக்கு. பெரிய குழாய்க்குள்ள படுக்க வச்சு எடுப்பாவளாம். அது காந்தமாம்ங்க. மோதிரம், சங்கிலி, அரைஞாண் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டாவ" என்றாள். நான் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தேன். "ஒரு பேப்பரைக் கொடுத்து, உடம்புக்குள்ள கம்பி, பிளேட்டு, ஸ்குரூ எதுவும் இருக்கான்னு கேட்டாவ. தம்பி அந்த வலியிலயும் சிரிச்சிக்கிட்டு, நான் என்ன கப்பலான்னு கேக்குது. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டோம்" என்றாள். "ஏங்க, இருக்கியளா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "சாப்பிட்டியளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மணி பத்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, சாம்பலோ கால் வாளிதான் இருக்கிறது, மிச்சம் ஐந்து கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாமே. எதற்கு வீணாக எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைக்க வேண்டும். ஐந்தும் கிடைக்காவிட்டால் சொல்லுவேன். கட்டாயம் சொல்லுவேன். யாரும் கேட்காமலேயே யாருக்கோ சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

பட்டறையில் ஒரு கிரேன் உண்டு, கொக்கிக்குப் பதிலாகக் காந்தத் தட்டு, கழிவு இரும்பு அள்ளுவதற்கு. கரண்டு போடுகிறவரைக்கும் சும்மா தொங்கும். போட்டவுடன் கீழே கிடக்கிற போல்ட்டு, நட்டு, தகரம், ஆணி எல்லாம் நின்ற இடத்திலிருந்து பாயும். நடுவில் என்ன இருந்தாலும் பார்க்காது, ஒருமுறை ஒரு சாக்கைக் கிழித்துக்கொண்டு ஆணிகள் மேலே போனதைக் கண்ணால் பார்த்தேன். சாக்கு. நினைக்காதே. சாம்பலைப் பார். விரல்களுக்கு நடுவே வியர்வையும் சாம்பலும் சேர்ந்து சேறாகி எரிகிறது. பதினெட்டு. இந்தக் கம்பியின் நுனி வளைந்திருக்கிறது, மீன்தூண்டில் மாதிரி இல்லை, சும்மா வளைவுதான், வளைந்திருந்தால் மாட்டிக்கொள்ளுமா, நேராக இருந்தால் குத்துமா, எது நல்லது. கோடி அற்புதரே, பதுவை அந்தோனியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரே, சாவி தொலைந்தபோதெல்லாம் உம்மைக் கூப்பிட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறீர், இப்போது நாலே நாலு கம்பி கேட்கிறேன். பத்தொன்பது. டாக்டர் பையன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பணிவாகத்தான் கேட்டான். நான் ஏன் எகிறினேன், சுத்தத்தைச் சந்தேகப்பட்டால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது, அம்மாவைக் கழுவித் துடைத்த காலத்திலும் அப்படித்தான், வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் சண்டைக்குப் போவேன். இருபது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், எனக்குக் குறுகுறுக்கவில்லை, இடிக்கிறது, காதுக்குள் கேட்கிறது. சாம்பல் இரண்டு கை அள்ளினால் தீர்ந்துவிடும். கழுவிய தண்ணீர் ஓடின இடத்தையும் பார்க்க வேண்டும், அடுப்பின் மூலையை நகத்தால் சுரண்ட வேண்டும், தட்டைக் கவிழ்த்து வெல்டு முடிச்சுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். முடிச்சில் ஒன்று இருந்தது. இருபத்தொன்று. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. மணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவசரம் வரும், அவசரப்பட்டால் தவறிவிடும்.

வந்தது. அடுப்பின் காலுக்கும் தரைக்கும் நடுவே, எறும்புப் புற்று மண்ணுக்குள் காந்தத்தை அழுத்தியபோது டிக்கென்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் முழுக் கம்பி, ஒரு அங்குலம், நுனி நேராக. இருபத்திரண்டு. நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. காகிதத்தில் வைத்தேன், ஐந்து ஐந்தாகப் பிரித்து எண்ணினேன், நாலு ஐந்து இருபது, இரண்டு, இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். கல்தான். கல்லுக்குத்தான் வலி. ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள், மூன்று நாளில் வீட்டுக்கு வருவான், கஞ்சி வைத்துக் கொடுப்பேன், நேற்று முள் என்றது நிஜமாகவே முள்ளாகத்தான் இருக்கும், சீலாவுக்கும் செதில் கிதில் இருக்கத்தானே செய்யும். எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது. தகரத்தை உதறிச் சுத்தமாக வைத்துவிடலாம் என்று காந்தத்தைச் சும்மா, பழக்கத்தில், காலித் தகரத்தின் விளிம்போரம் ஒருதரம் ஓட்டினேன். ஒன்று வந்து ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்து மூன்று. அரைக் கம்பி இல்லை, முறிந்த துண்டு இல்லை, முழுசு. பிரஷ்ஷை எடுத்து மறுபடி பார்த்தேன், இந்தமுறை கட்டையை வெயிலுக்குத் திருப்பி, ஒவ்வொரு கொத்தாக விரித்து. முதல் வரிசையில் ஒரு கொத்து மெலிந்திருந்தது. கடைசி வரிசையில் இரண்டு. எண்ணினேன், பதினேழு, பத்தொன்பது, பதினான்கு. எப்போது போனவை, நேற்றா, போன வருஷமா, பத்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ கப்பல் தகட்டிலா, எந்தச் சாமிக்கும் தெரியாது. இதில் கணக்கே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே கிடையாது. காலையில் மற்ற கொத்துகளைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை, நல்லதாக இருந்த இரண்டு கொத்தைமட்டும் பார்த்தேன். போனை எடுத்தேன்.

பிலோமி எடுக்கவில்லை. முழுசாக அடித்து நின்றது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. வினோலியாவின் எண்ணை நேற்றுத்தான் பிலோமி என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இதுவரை ஒரு தரம்கூட அவளைக் கூப்பிட்டதில்லை. "சொல்லுங்க அத்தான்" என்றாள். "உள்ள கொண்டுபோயிட்டாவளா?" என்றேன். "இப்பத்தான் சட்டை மாத்திக் கூட்டிட்டுப் போறாவ. அக்கா கூடப் போறாவ. ஏன் அத்தான்?" என்றாள். "நிறுத்து" என்றேன். மறுபடி சொன்னேன், "நிறுத்து வினோலியா. அவன் வயித்துல கம்பி இருக்கும். தட்டு தேய்ச்ச பிரஷ்ஷுக் கம்பி. நேத்து குத்துச்சே, அது முள்ளு இல்ல. காந்தத்துக்கிட்ட விடாத." செருப்புச் சத்தம் கேட்டது, ஓடுகிறாள், சிஸ்டர் சிஸ்டர் என்று கத்துகிறாள், கதவு, ஒரு ஆண் குரல், அப்புறம் நேவிஸின் குரல், என்னடி என்று மெதுவாக. போன் அவள் கையில் திறந்தபடியே இருந்தது. நான் அதைக் காதில் அழுத்திக்கொண்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த டாக்டர் பையன் வந்தான். எவ்வளவு நீளம் என்று கேட்டான். ஒரு அங்குலம் என்றேன். என்ன உலோகம் என்றான். எஃகு என்றேன். காந்த ஸ்கேன் வேண்டாம் என்று யாரிடமோ சொன்னான், வேறு ஸ்கேனுக்கும் சர்ஜனுக்கும் சொல்லச் சொன்னான், என்னிடம் அந்த பிரஷ்ஷையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு உடனே வாங்க என்றான். காலையில் நான் பேசியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன் மறுபடி வினோலியாவிடம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "மாதாதான் ஒங்க கண்ணுல காட்டியிருக்காவ. வாசல்வரைக்கும் போயிட்டாவ அத்தான். நீங்க மட்டும் கூப்பிடலைன்னா" என்றாள், மேலே சொல்ல வராமல் அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "இப்பத்தான் பாத்தியளா?"

ஆமாம் என்று ஒரு சொல். அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்டால் போதும். காகிதத்தில் கம்பிகள் வரிசையாக இருந்தன, ஐந்து ஐந்தாக.

"ஒம்பது மணிக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், மறுபடி பேசியபோது குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"இப்ப மணி பதினொன்னேகால் அத்தான்" என்றாள்.